மேலிடத்துல கேக்கிறாங்க

மூத்தவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அம்மா "எழுத்து வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். அதற்குமேல் அவளுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் சட்டமே.

வங்கியின் தலைமை அலுவலகத்தில் மூன்றாம் மாடியில் ஒரு மூலை அறை. சன்னல் உண்டு, திறக்க வராது. ஊரெல்லாம் இருக்கிற கிளைகளில் யாராவது பணம் கட்டுவதிலோ எடுப்பதிலோ கோணல் தெரிந்தால், கிளைக்காரர்கள் அதை எழுதி இந்த அறைக்கு அனுப்ப வேண்டும். சந்தேக அறிக்கை என்று அதற்குப் பெயர். மூத்தவள் அதைப் படித்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புவாள். சரியாக இருந்தால் செப்பனிட்டு அரசாங்கத்துக்கு ஏற்றிவிடுவாள். அங்கிருந்து அது எங்கே போகிறது, யார் படிக்கிறார்கள், ஆளைப் பிடித்தார்களா விட்டார்களா, ஒரு பதிலும் வராது. இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட வந்ததில்லை. கண்ணால் பார்க்காத ஆட்களை நம்பி அவள் எழுதிக்கொண்டிருந்தாள். படித்தவர்களுக்கு அந்த நம்பிக்கை எப்படியோ வந்துவிடுகிறது.

கிளைக்காரர்களில் பாதிப் பேருக்கு எழுத மனசு வராது. 'மேற்படி வாடிக்கையாளரின் நடவடிக்கை சந்தேகத்துக்கு இடமளிக்கிறது, ஆவன செய்யவும்' என்று இரண்டு வரி கிறுக்கி அனுப்பிவிட்டுத் தலைமுழுகிவிடுவார்கள். இவள் விடமாட்டாள். யார், எந்த நாள், எந்தக் கவுண்டர், எதைக் கண்டாய், அதில் என்ன கோணல்? உன் சந்தேகம் எனக்கு வேண்டாம், கண்ணால் கண்டதை எழுது என்பாள். மறுபடி அரைகுறையாக வந்தால் மறுபடி திருப்புவாள். கிளைகளில் அவளுக்குத் 'திருப்பி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்து சொல்லிச் சிரித்தவன் அவள் தம்பி. அவனும் அதே வங்கியில்தான், சந்தைக் கிளையில் காசாளர்.

தம்பியின் கிளையிலிருந்து ஓர் அறிக்கை வந்தபோது அவள் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். எழுந்து போய், "இது எங்க வீட்டுப் பையன் எழுதினது, வேற யார்கிட்டயாவது குடுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மற்றவர்களிடம் கொடுத்தால் அப்படியே முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. தான் பார்த்தால்தான் சரியாக இருக்கும் என்கிற எண்ணம் ஒரு நோய்தான். அதற்கு மருந்து கிடையாது.

டயர் கடைக்காரர் ஒருவரைப் பற்றிய அறிக்கை அது. இரண்டு வரிதான். திருப்பினாள். நாலு வரியாக வந்தது. 'இவருடைய தொழிலுக்கும் இந்தப் பணத்துக்கும் பொருத்தம் என்ன? விளக்கம் இல்லை. விளக்கத்துடன் அனுப்பவும்' என்று எழுதி மறுபடி திருப்பினாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது தம்பி ஆரம்பித்தான். வெளியே பொசபொசவென்று தூறல். ஈரத்தில் வீடெல்லாம் சாக்கு நாற்றம். அம்மா கிழிந்த சாக்கு தைத்துக் கொடுக்கிறவள்; தானியக் கிட்டங்கிகளிலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். மழை பிடித்தால் சாக்கு காயாது. முன்னறையில் பாதி சாக்கு, மீதியில் மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட இடம்.

"எந்தப் புண்ணியவதியோ, ரெண்டாவது வாட்டியும் திருப்பி அனுப்பிட்டாம்மா," என்றான் சோற்றைப் பிசைந்தபடி.

"எதைடா?"

"ராத்திரி பகலா ஒக்காந்து எழுதினதை."

"தப்பு இருந்திருக்கும்."

"தப்பு இல்லயாம். பத்தலயாம். நான் என்ன கதையா எழுதறேன், இன்னும் ரெண்டு பக்கம் இழுக்க?"

மூத்தவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆபீஸ் கதையை வீட்டுல பேசாதே. முட்டை ஆறிப்போகுது, தின்னு."

"நான் யாரையும் சொல்லலயே. ஒனக்கு எதுக்குக் குத்துது?"

"எழுத வேண்டியத ஒழுங்கா எழுதினா எவ திருப்பப் போறா?"

"கேட்டியாம்மா? மூணாம் மாடில ஃபேனுக்கு அடியில ஒக்காந்துக்கிட்டுச் சொல்றது சுலபம். கவுண்டர்ல வந்து நின்னு பாக்கச் சொல்லு. ஒருத்தன் மீன் கையோட நோட்ட நீட்டுவான், ஒருத்தி பேனா கேட்டுட்டு எடுத்துட்டே போயிடுவா. இதுக்கு நடுவுல மேனேஜர் வந்து, 'தம்பி, நீதான் நல்லா எழுதுவியே, அந்த ரிப்போர்ட்டையும் நீயே முடிச்சுடு'ம்பான். அவன் சம்பளத்தையும் எனக்கா குடுக்கறான்?"

"ரெண்டும் ஒரே பேங்க்ல இருந்துக்கிட்டு என்னத்துக்கு இப்படி முட்டிக்கிறீங்க?" என்றாள் அம்மா. "எனக்குத்தான் ஒரு எழவும் புரியல. ஒண்ணு, புரியற மாதிரி சண்ட போடுங்க. இல்ல, கையைக் கழுவிட்டு எந்திரிங்க."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

மூன்றாவது முறை வந்த அறிக்கையை மூத்தவள் மேசையில் விரித்தபோது அவளுக்கே பெருமையாகிப்போனது. பயல் எழுதியிருந்தான்! டயர் கடையில் லாரி நின்று எவரும் பார்த்ததில்லை. ஆனால் கூடை தூக்குகிறவர், காவல்காரர், தையல்காரர் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத ஆட்கள் தனித்தனியாக வந்து அவரவர் கணக்கில் பணம் கட்டுகிறார்கள். இவ்வளவுக்கு மேல் ரொக்கம் கட்டினால் அரசாங்கத்துக்குத் தனியாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்றிருக்கிற வரம்பை எந்தத் தொகையும் தொடுவதில்லை, அடியில் நின்றுகொள்கிறது. மறுநாளே எல்லாம் டயர் கடைக் கணக்கில் போய்ச் சேருகிறது. எல்லாக் கட்டும் பழைய சைக்கிள் டியூபை அறுத்த கறுப்புப் பட்டையால் கட்டப்பட்டிருக்கிறது. எண்ணினால் விரல் கறுப்பாகிவிடுகிறது. ஆள் வேறானாலும் கட்டுகிற கை ஒன்று.

இதைவிட யார் எழுத முடியும்? அவள் பேனாவை எடுத்துக்கொண்டு கடைசிப் பத்திக்குப் போனாள்.

'தங்கள் குறிப்பின்படி வாடிக்கையாளரை நேரில் அழைத்து விளக்கம் கேட்கப்பட்டது. மொத்த வியாபாரப் பணம் என்றார். மேலிடத்தில் கேட்கிறார்கள், எழுத்தில் தர வேண்டும் என்று கூறியதும் பதில் சொல்லாமல் சென்றுவிட்டார்.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தாள். துடைத்தால் மாறுகிற எழுத்தா அது?

பணம் கட்ட வருகிறவனை எங்கிருந்து வந்த பணம் என்று கவுண்டரில் சாதாரணமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் உன்மேல் ஒரு கண் இருக்கிறது என்பது அவன் காதில் விழுந்துவிடக் கூடாது. விழவைத்தவனுக்கு வேலை போகும். சட்டப்படி உள்ளேயும் போடலாம். விளக்கம் கேட்டது அவள். ஆவணங்களைப் பார்த்து, கடையைப் பார்த்து, தன் அறிவைக் கொண்டு விளக்கியிருக்க வேண்டியவன் இவன். இரண்டு முறை திருப்பிய கோபத்தில், கேட்க வேண்டிய ஆளிடமே கேட்டுத் தொலைப்போம் என்று கேட்டுவிட்டான். அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறான், பாவி. அக்காளுக்குக் குறை வைக்கக் கூடாதென்று.

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது வாசலில் ஒரு சின்ன வண்டி நின்றது. முன்னறையில், சாக்குக் கட்டின்மேல், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வயசாளி. நல்ல சிரித்த முகம்.

"வாம்மா, வா. ஒன்னயும் பாக்கணும்னுதான் ஒக்காந்திருக்கார்," என்றாள் அம்மா. "சந்தைப் பக்கம் டயர் கடை வச்சிருக்காராம். தம்பியை நல்லாத் தெரியுமாம். நமக்குத் தைக்கிறதுக்குக் கொண்டாந்திருக்கார், பாரு எவ்வளவுன்னு."

மூத்தவள் பார்த்தாள். கட்டு கட்டாகச் சாக்கு. ஒன்றுகூடக் கிழியவில்லை. மடிப்புக்கூடக் கலையாத புதுச் சாக்கு.

"இதுல என்னம்மா தைக்கறது?"

"நானும் அதைத்தான் கேட்டேன். வாயை மட்டும் ரெட்டைத் தையல் போடணுமாம்."

"வாய் இறுக்கமா இருக்கணும் பாருங்க," என்றார் டயர்க்காரர். "சாக்கு எவ்வளவு நல்ல சாக்கா இருந்தாலும் வாய் லூசா இருந்தா எல்லாம் சிந்திடும். ஒக்காருங்கம்மா. நின்னுக்கிட்டே இருக்கீங்களே, ஒங்க வீடுதானே?"

அவள் உட்காரவில்லை.

"தம்பி தங்கமான பையன்," என்றார் அவர். "எங்க கடைப் பயலுகளுக்கெல்லாம் அது கவுண்டர்னாதான் பிடிக்கும். எண்ணிக் குடுக்கறதுல ஒரு சுத்தம். போன வாரம் என்னை உள்ள கூப்பிட்டு ஒக்காரவச்சுப் பேசுச்சு. மேலிடத்துல கேக்கிறாங்கன்னுச்சு. கேக்கட்டுமே. கேக்கிறது தப்பா? ஆனா யாரு கேக்கிறதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்னுடுச்சு. யாருன்னு தெரிஞ்சா நானே நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுவேன். எதுக்குப் பையனை நடுவுல நிறுத்தணும்?"

"இவளைக் கேளுங்க," என்றாள் அம்மா, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. "இவளும் அந்தப் பேங்க்தான். பெரிய ஆபீஸ்."

"அப்படியா?" என்று அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "சொல்லவே இல்லயே. அங்க என்ன வேலைம்மா?"

"ஸ்டேஷனரி," என்றாள் மூத்தவள். "கிளைக்கெல்லாம் பேப்பர், பேனா அனுப்பறது."

"என்னடி இது, எழுத்து வேலைன்னே?"

"பேனா அனுப்பறதும் எழுத்து வேலைதாம்மா."

டயர்க்காரர் நன்றாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். எழுந்து, அம்மாவின் கையில் முன்பணத்தை வைத்தார். கறுப்புப் பட்டையைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டபின்தான் கொடுத்தார். "அவசரமில்லம்மா. நிதானமாத் தைங்க. நான் அப்பப்ப வந்து பாத்துக்கறேன்."

தம்பி வந்ததும் மூத்தவள் அவனைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காயாத சாக்குகள் கம்பியில் தொங்கின. அம்மாவுக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டாள்.

"வீடு வரைக்கும் வந்துட்டான்டா."

"யாரு?"

"யாரா? ஒக்காரவச்சு விசாரிச்சியே, அந்த மகராசன்."

அவன் முகம் செத்துப்போனது. "நீ கேட்டேதானே விளக்கம்னு?"

"ஒன்னைக் கேட்டேன். அவனைக் கேக்கச் சொன்னேனா? அதுல மேலிடம்னு வேற சொல்லியிருக்கே. வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே, வேற பேச்சே வரலயா?"

"ரெண்டு வாட்டி திருப்பினியேக்கா. கிளையில எல்லாரும் சிரிக்கிறான். ஒரு ரிப்போர்ட் எழுதத் தெரியலன்னு. நாலு வார்த்தைல வீட்டுலயே சொல்லியிருக்கலாமில்ல, இப்படி எழுதுன்னு?"

"வீட்டுல பேசக் கூடாது."

"இப்ப மட்டும்?"

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டாள். குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அந்தக் கடைசிப் பத்தியை எடுத்துடு," என்றான் அவன் மெதுவாக. "மீதியெல்லாம் சரியாத்தானே இருக்கு? அது இல்லாம அனுப்பிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவனுக்குத் தெரியுமே. உஷாராயிட்டான்னு மேல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சாத்தான் சீக்கிரம் வருவாங்க. இல்லன்னா இது ஆயிரத்துல ஒண்ணா எங்கயோ கெடக்கும். அதுக்குள்ள இவன் ஒன்னை என்ன பண்ணுவானோ."

"வந்து அவனைப் பிடிப்பாங்க. கூடவே என்னையும்."

"நீ தெரியாம செஞ்சேன்னு எழுதறேன்."

"எழுது, எழுது," என்றான். "எழுதினா எல்லாம் சரியாயிடும் ஒனக்கு." குழாயை மூடிவிட்டு உள்ளே போனான்.

அலுவலகத்தில் பிரிவுத் தலைவரிடம் போய் நின்றாள். எப்போதும் காதோடு பேசுகிற மனிதர் அவர். ரகசிய வேலையிலேயே கிடந்து குரல் அப்படியாகிவிட்டது. குசுகுசு என்றுதான் அவரைச் சொல்வார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி என்பதையும் சொன்னாள்.

"மொதல்லயே சொல்லியிருக்கணும்," என்றார் அவர், உதடு அசைந்ததே தெரியாமல்.

"ஆமா சார்."

"அந்தப் பத்தி இல்லாமலே நல்லாத்தான் இருக்கு. ஒங்க வீட்டுப் பையன்... யோசிச்சுக்குங்க. நான் பாக்கலன்னு வச்சுக்கறேன்."

"அது இருந்தாத்தான் சார் அவசரம்னு தெரியும்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரக்கமா, எரிச்சலா என்று சொல்ல முடியாது. "அப்ப நீங்களே முழுசா எழுதிடுங்க. எல்லாத்தையும் அறிஞ்சவங்க நீங்கதான். நானே கையோட கொண்டுபோய்க் குடுக்கறேன்."

அவள் எழுதினாள். அவள் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். முதல் பத்தியிலேயே விஷயம் முழுதும் வந்துவிட்டது. ஊகம் இல்லை, பூச்சு இல்லை. யார் கட்டினார், யாருக்குப் போனது, எந்தக் கை கட்டியது, எங்கே வாய் தவறியது, தவறியவர் யார், அவர் தனக்கு என்ன வேண்டும், அதற்குப்பின் அந்த மனிதர் எந்த வீட்டுக்கு வந்து எதன்மேல் உட்கார்ந்தார், என்ன சொன்னார் என்பது வரைக்கும். கடைசியாக, படிக்கிறவருக்கு நிலைமை உறைக்க வேண்டும் என்று இதையும் சேர்த்தாள்: 'காசாளரின் தாயார் பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருப்பார். கதவைத் தாழிடும் வழக்கம் இல்லை. ஆகவே உடனடி நடவடிக்கை வேண்டப்படுகிறது.'

குசுகுசு அதைப் படித்துவிட்டு, "ரொம்பத் தெளிவா இருக்கு," என்றார்.

நடவடிக்கை உடனடியாகத்தான் வந்தது. தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஒழுங்கீனம் என்று மட்டும் தாளில் இருந்தது; என்ன ஒழுங்கீனம் என்று யாரிடமும் சொல்லக் கூடாதென்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். டயர் கடை திறந்தபடியேதான் இருந்தது. பேருந்தில் போகும்போது பார்ப்பாள். அடுக்கிய டயர்களுக்குள் மழைத்தண்ணீர் தேங்கி, கொசு மொய்த்துக்கொண்டு, முன்னால் ஒரு நாற்காலியில் அந்த வெள்ளைச் சட்டை.

அம்மாவுக்கு எதுவும் சொல்ல முடியவில்லை. அம்மா தானாகவே ஒன்றை நினைத்துக்கொண்டாள். "பணத்துல கை வச்சுட்டானாடி?" என்று ஒருநாள் கேட்டாள். "இல்லம்மா" என்றாள் மூத்தவள். "அப்ப என்னத்துக்கு?" என்றதற்கு, "அதைச் சொல்லக் கூடாதும்மா" என்றாள். மகன் திருடவில்லை என்று மகள் சொல்கிறாள். என்ன செய்தான் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். எந்தத் தாய் அதற்குப்பின் நிம்மதியாகச் சோறு தின்பாள்? சாக்கின்மேல் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். தூசியில் இருமலும் கூடிவிட்டது. தம்பி சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். அக்காளோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

அப்புறம் ஒரு விடுமுறை நாளில், கடைக்குப் போய்விட்டு மூத்தவள் திரும்பியபோது அம்மாவின் முகத்தில் வெளிச்சம் இருந்தது. தம்பி குளித்து, சட்டை மாற்றி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"வேலைக்குக் கிளம்பிட்டான்டி," என்றாள் அம்மா. "நானே போய்க் கேட்டேன், வெக்கத்தை விட்டு. அந்த டயர்க்காரர் ஒரு கேள்வி கேக்கல. 'ஏம்மா இத்தனை நாள் சொல்லல'ன்னு என்னையே கோச்சுக்கிட்டார். ஒங்க பேங்க்காரன் தூக்கிப் போட்டான், அவர் தூக்கி விடறார். மனுஷன்னா அவர் மனுஷன்."

அம்மா தன் மூலைக்குப் போய்ச் சாக்கை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூத்தவள் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன வேலை?"

"பேங்க்ல போய்ப் பணம் கட்டற வேலை," என்றான் தம்பி. பல நாளைக்குப்பின் அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு. "தெரிஞ்ச வேலைதானே? இவ்வளவு நாள் அந்தப் பக்கம் நின்னு வாங்கினேன். இனிமே இந்தப் பக்கம்."

"போகாதேடா. கால்ல வேணா விழறேன்."

"போகலன்னா அவர் இங்க வருவார். போனா வர மாட்டார். அவரே வாயால சொன்னார்."

"நான் மறுபடி எழுதுவேன்."

"எழுது. அதையும் சொன்னார்." அவன் குரலைத் தாழ்த்தினான். "'ஒங்கக்கா ஸ்டேஷனரின்னாங்களே, என்னமா எழுதறாங்க!'ன்னார். 'ஒரு வார்த்தை கூட இல்ல, ஒரு வார்த்தை குறைய இல்ல'ன்னார்."

"சும்மா மிரட்டறான். அது வெளியில போகாது."

"போகாதா? 'கதவைத் தாழிடும் வழக்கம் இல்லை'. இது நீ எழுதினதா, இல்லயா?"

தம்பி அவளை மெல்ல விலக்கிவிட்டு இறங்கினான். தெருமுனையில் அந்தச் சின்ன வண்டி காத்திருந்தது. அது அவனை ஏற்றிக்கொண்டு திரும்பும்வரை நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, கதவை இழுத்துச் சாத்தி, துருப்பிடித்துக் கிடந்த தாழ்ப்பாளை உள்ளங்கையால் அடித்து அடித்து ஏற்றினாள்.

"பட்டப்பகல்ல என்னத்துக்குடி கதவைச் சாத்தறே?" என்று உள்ளிருந்து அம்மா இருமிக்கொண்டே சத்தம்போட்டாள். "ஒரே தூசி, மூச்சு முட்டுது. தெறந்து வை."